எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்றார்கள், கை ஏன் இன்னும் வலிக்கிறது?

மழை விட்ட ஒரு சாயங்காலம் என் மச்சான் பைக்கோடு சறுக்கி விழுந்தார். விழும்போது எல்லோரும் செய்வதையே அவரும் செய்தார், உள்ளங்கையைத் தரையில் ஊன்றினார். மணிக்கட்டு லேசாக வீங்கியது. பக்கத்தில் இருந்த ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்து, படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "எலும்பு நல்லா இருக்கு, வெறும் சுளுக்குதான்" என்று மாத்திரையும் தைலமும் கொடுத்து அனுப்பினார்கள். மறுபடி வரச் சொல்லவில்லை, அவரும் போகவில்லை. அத்தை தினமும் எண்ணெய் போட்டு நீவி விட்டார்கள். மூன்று மாதம் கழித்தும் ஒரு குடம் தண்ணீரைத் தூக்க முடியாமல் வேறொரு டாக்டரிடம் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. மணிக்கட்டுக்குள் முந்திரிப்பருப்பு வடிவத்தில் ஸ்கேஃபாய்டு என்று ஓர் எலும்பு இருக்கிறது, அது இரண்டாக முறிந்து, ஒட்டாமலேயே கிடந்திருக்கிறது.

"அன்னைக்கே ஸ்கேன் எடுத்திருந்தா தெரிஞ்சிருக்குமா மாப்ளே?" என்று அவர் இன்னும் கேட்கிறார். வயிற்றுக்கும் கர்ப்பத்துக்கும் எடுக்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனைத்தான் சொல்கிறார். எலும்புக்கும் அதை எடுக்கலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். உண்மைதான், எடுக்கலாம். சில எலும்புகளில் அது எக்ஸ்ரேயைவிட நன்றாகவே காட்டும். ஆனால் அவருடைய அந்த எலும்பில், அன்றைக்கு, ஸ்கேனும் தவறவிட்டிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஏன் அப்படி என்று அவருக்குச் சொல்ல வேண்டி நான் படித்துத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் எக்ஸ்ரே. 1895 நவம்பர் 8 அன்று ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் ராண்ட்ஜன் இந்தக் கதிரைக் கண்டுபிடித்தார். சுமார் ஆறு வாரம் கழித்துத் தன் மனைவியின் கையைப் படம் பிடித்தார், மோதிரத்தோடு விரல் எலும்புகள் தெரியும் அந்தப் படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். ஆக எக்ஸ்ரே பெயர் வாங்கியதே சின்ன எலும்புகளின் படத்தால்தான். அந்தப் படம் ஒரு நிழல். எலும்பில் இருக்கும் கால்சியம் கதிரைத் தடுக்கும், அந்த இடம் வெள்ளையாக விழும், தசை வழியாகக் கதிர் எளிதாகப் போய்விடும், அது கறுப்பாக விழும். எலும்பில் விரிசல் இருந்தால் அந்த இடுக்கு வழியாகக் கதிர் கொஞ்சம் கூடுதலாகப் போகும், வெள்ளைக்கு நடுவில் ஒரு கறுப்புக் கோடு தெரியும்.

இங்கேதான் சிக்கல். இரண்டு கதவுகள் சேரும் இடுக்கில் வெளிச்சம் வருவதைப் பார்த்திருப்பீர்கள். நேரெதிரே நின்றால் கீற்று பளிச்சென்று தெரியும், இரண்டடி தள்ளி நின்று பாருங்கள், கதவு முழுதாக அடைத்ததுபோல் இருக்கும். விரிசலும் அப்படித்தான். கதிர் விரிசலின் போக்கிலேயே நுழைந்து வெளியே வந்தால் கோடு விழும், சாய்வாக வந்தால் இந்தப் பக்கத்து எலும்பு அந்தப் பக்கத்து இடுக்கை மறைத்துவிடும். உடைந்த துண்டு நன்றாக நகர்ந்து விலகியிருந்தால் பெரும்பாலும் எளிதில் பிடிபடும். நகராத மயிரிழை விரிசல்தான் ஏமாற்றும். அதனால்தான் எந்த எலும்பையும் குறைந்தது இரண்டு கோணத்தில், ஒன்றுக்கொன்று செங்குத்தாக எடுக்கிறார்கள். ஸ்கேஃபாய்டில் சந்தேகம் இருந்தால் கையைச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்துக் கூடுதல் படங்கள் எடுக்க வேண்டும். மணிக்கட்டில் எட்டு எலும்புகள் கூழாங்கற்களை அடுக்கியதுபோல் ஒன்றன்மேல் ஒன்று நிழல் போட்டுக்கொண்டு கிடக்கின்றன, நேராக எடுத்த ஒரே படத்தில் தெளிவு கிடைப்பது கஷ்டம்.

இத்தனையும் செய்த பிறகும் ஸ்கேஃபாய்டு முறிவுகளில் பத்தில் ஒன்றிலிருந்து ஐந்தில் ஒன்றுவரை முதல் நாள் எக்ஸ்ரேயில் தெரிவதில்லை. இது டாக்டர்களுக்கு நெடுங்காலமாகத் தெரிந்த விஷயம். அதனால்தான் கட்டைவிரலை நன்றாக விரிக்கும்போது அதன் அடியில் விழும் சின்னக் குழியை அழுத்திப் பார்ப்பார்கள். அந்தக் காலத்தில் வெள்ளைக்காரர்கள் மூக்குப்பொடியை வைத்து உறிஞ்சிய குழி அது, ஆங்கிலத்தில் அதற்குப் பெயரே மூக்குப்பொடி டப்பா என்பதுதான். அங்கே அழுத்தினால் வலிக்கிறது, ஆனால் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்றால், முறிவு இருப்பதாகவே வைத்துக்கொண்டு கையை அசையாமல் கட்டி, 10 முதல் 14 நாளில் மறுபடி எக்ஸ்ரே எடுப்பது பழைய, நல்ல வழக்கம். இரண்டு வாரத்தில் என்ன மாறுகிறது? முறிந்த விளிம்பில் செத்துப்போன எலும்பை உடம்பே கரைத்து எடுக்கிறது, இடுக்கு கொஞ்சம் அகலமாகிறது, அன்றைக்குத் தெரியாத கோடு இப்போது தெரிகிறது. எக்ஸ்ரே ஒன்றுதான் கையில் இருக்கிறது என்றால், அந்த இரண்டாவது படம்தான் முதல் படத்தை முழுமையாக்குகிறது. என் மச்சானுக்குக் கிடைக்காமல் போனது அதுதான்.

அந்த ஓர் எலும்புக்கு இவ்வளவு கவலை ஏன் என்றால், அதற்கு ரத்தம் போகும் வழி விசித்திரமானது. விரல் பக்கத்து முனையில் ரத்தக்குழாய் நுழைந்து, பின்னோக்கி, முழங்கை இருக்கும் திசையில் போகிறது. நடுவில் முறிந்தால் பின்பக்கத் துண்டுக்கு ரத்தம் போதாமல் போகும். ஒட்டுவது தாமதமாகும், சிலருக்கு ஒட்டாமலேயே போகும், சிலருக்கு அந்தத் துண்டு செத்தேபோகும். சின்ன எலும்பு, பெரிய சேதம்.

சரி, இனி ஸ்கேன். அல்ட்ராசவுண்ட் மருத்துவத்துக்கு வந்த கதை எனக்கு மிகவும் பிடித்த கதை. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் இயன் டொனால்ட் என்ற மகப்பேறு மருத்துவர் 1950களின் நடுவில், உலோகத்தில் விரிசல் இருக்கிறதா என்று தொழிற்சாலையில் சோதிக்கும் கருவியை எடுத்து, அறுவை சிகிச்சையில் அகற்றிய கட்டிகள்மேல் வைத்துப் பார்த்தார். ஒலி போய் எதிரொலித்துத் திரும்பும் நேரத்தை வைத்து உள்ளே கட்டியா நீர்ப்பையா என்று பிரித்தறிய முடிந்தது. 1958இல் அவரும் அவருடைய குழுவினரும் அதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். இன்றும் ரயில் தண்டவாளத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசலை அல்ட்ராசவுண்ட் வைத்துத்தான் தேடுகிறார்கள். விரிசல் தேடவே பிறந்த கருவி கருப்பைக்குப் போய்விட்டு, இப்போது எலும்பு விரிசலைத் தேட வந்திருக்கிறது.

ஆனால் எலும்பு தண்டவாளம் இல்லை. இரும்புக்குள் ஒலி சுலபமாகப் போகும், உள்ளே இருக்கும் குறையில் பட்டுத் திரும்பும். தசை வழியாக நொடிக்குச் சுமார் 1540 மீட்டர் வேகத்தில் வரும் ஒலி எலும்பைத் தொட்டதும் ஒரு பெரும்பகுதி அப்படியே திரும்பிவிடுகிறது, உள்ளே நுழைவதையும் எலும்பு உறிஞ்சிவிடுகிறது. அதனால் திரையில் எலும்பின் மேல்தோடு ஒரு பிரகாசமான வெள்ளைக் கோடாகத் தெரியும், அதற்குக் கீழே வெறும் இருட்டு. எலும்புக்கு உள்ளே என்ன இருக்கிறது, மறுபக்கம் எப்படி இருக்கிறது, எதுவும் தெரியாது. ப்ரோப் (தோல்மேல் வைத்து நகர்த்தும் ஸ்கேன் கருவியின் முனை) வைத்த பக்கத்து மேற்பரப்பு மட்டும்தான்.

அந்த மேற்பரப்பு மட்டும் அபாரமாகத் தெரியும். தோலுக்கு அருகில் இருக்கும் உறுப்புகளுக்குப் பயன்படுத்தும் 10 மெகாஹெர்ட்ஸ் ப்ரோப்பில் ஒலியின் அலைநீளம் 0.15 மில்லிமீட்டர். வெள்ளைக் கோடு ஓர் இடத்தில் அறுந்திருந்தாலோ, ஒரு படிக்கட்டுபோல மேலும் கீழுமாக விலகியிருந்தாலோ, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான விலகலாக இருந்தாலும் பிடிபடும். கோடு முழுசாக இருப்பதுபோல் தோன்றினாலும், எலும்பை மூடியிருக்கும் மெல்லிய உறைக்குக் கீழே ரத்தம் தேங்கியிருப்பது ஒரு கறுப்புக் கீற்றாகத் தெரியும். எக்ஸ்ரேயில் இது தெரியாது. அப்புறம், ஜவ்வு, தசைநார், மூட்டுக்குள் நீர் என எக்ஸ்ரேயில் மங்கலாகவோ தெரியாமலோ போகிறவற்றையும் அதே ப்ரோப் காட்டும். எலும்பு நல்லபடி இருந்து ஜவ்வு கிழிந்திருந்தால் அதுவும் அங்கேயே தெரிந்துவிடும்.

இரண்டுக்கும் இன்னொரு வித்தியாசம் உண்டு, என் கணிப்பில் இதுதான் பெரியது. எக்ஸ்ரேயில் படம் எடுப்பவர் ஒருவர், பல நேரம் அதைப் படிப்பவர் வேறொருவர், படிப்பவர் அந்தக் கையைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டார். ஸ்கேனில் டாக்டர் "எங்க வலிக்குது, ஒரு விரலால காட்டுங்க" என்று கேட்டு அந்த இடத்திலேயே ப்ரோப்பை வைக்கிறார், கையைத் திருப்பித் திருப்பி எத்தனை கோணத்திலும் பார்க்கிறார், இன்னொரு கையோடு ஒப்பிட்டும் பார்க்கிறார். கதவிடுக்குச் சிக்கல் இங்கே பெருமளவு இல்லை. வலிக்கிற விரல்மேல் ப்ரோப்பை அழுத்த முடியவில்லை, தோல் கிழிந்திருக்கிறது என்றால் அதற்கும் ஓர் எளிய வழி இருக்கிறது. ஒரு தொட்டித் தண்ணீரில் கையை முக்கி வைத்து, ப்ரோப்பைத் தோலில் படாமல் சற்றுத் தள்ளித் தண்ணீருக்குள்ளேயே பிடித்தால் போதும். தண்ணீரே ஒலியைக் கடத்திவிடும், ஜெல் வேண்டாம், அழுத்த வேண்டாம்.

ஸ்கேன் தெளிவாக முந்தும் இடம் விலா எலும்பு. விலா வளைந்திருப்பது, மூச்சோடு அசைவது, நுரையீரல், இதயம் எல்லாம் பின்னால் நிழல் போடுவது, இதனாலெல்லாம் மார்பு எக்ஸ்ரேயில் விலா முறிவுகளில் பாதிவரை தெரியாமல் போவதுண்டு. விலாவின் முன்முனையில் இருக்கும் குருத்தெலும்பு முறிந்தால் எக்ஸ்ரேக்கு அது தெரியவே தெரியாது, ஏனென்றால் கதிரைத் தடுக்க அங்கே போதிய கால்சியம் இல்லை. ப்ரோப்பை விலாவின் நீளவாக்கில் வைத்து நகர்த்தினால் இரண்டும் தெரியும். தோள்பட்டை எலும்புக்குப் பின்னால் மறைந்திருக்கும் விலாக்களை மட்டும் எட்ட முடியாது.

ஆனால் ஒன்று. விலாவில் சின்ன விரிசல் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் சிகிச்சை ஏறக்குறைய ஒன்றுதான்: வலி குறைய மருந்து, சளி கட்டாமல் இருக்க ஆழமாக மூச்சு இழுத்துவிடுவது, சுமார் ஆறு வாரம் பொறுமை. மார்பு எக்ஸ்ரே எடுப்பதே விலாவைப் பார்க்க அல்ல, முறிந்த முனை குத்தி நுரையீரலைச் சுற்றிக் காற்றோ ரத்தமோ தேங்கியிருக்கிறதா என்று பார்க்கத்தான். அதனால் "விலா முறிவை ஸ்கேன் அதிகமாகக் கண்டுபிடிக்கிறது" என்ற சரியான தகவல், அதனால் மட்டும் நோயாளிக்கு எந்த நன்மையையும் தந்துவிடாது. இதை எதற்கு வலியுறுத்திச் சொல்கிறேன் என்றால், இந்த இரண்டு கருவிகளையும் ஒப்பிடும் பெரும்பாலான பேச்சு "எது அதிகமாகக் கண்டுபிடிக்கும்" என்பதோடு நின்றுவிடுகிறது. கண்டுபிடித்ததை வைத்து என்ன செய்யப் போகிறோம் என்பதைத்தான் கேட்க வேண்டும்.

அந்தக் கேள்வியை ஒழுங்காகக் கேட்ட ஓர் ஆய்வு இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் நான்கு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவில் நடந்தது, 2023இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியானது. குழந்தைகள் ஓடி விழுந்து மணிக்கட்டுக்குச் சற்று மேலே உடைத்துக்கொள்வார்கள் இல்லையா, அதுதான் அங்கே விஷயம். குழந்தை எலும்பு பச்சை மூங்கில்போல வளையக்கூடியது, பெரியவர்களுக்கு உடைவதுபோலப் பட்டென்று உடையாமல் ஒரு பக்கம் மட்டும் நசுங்கிப் புடைத்துக்கொள்வதுண்டு. இதை பக்கிள் முறிவு என்கிறார்கள். இது தானாகவே ஒட்டிவிடும், மிகவும் சாதுவான முறிவு. 5 முதல் 15 வயதுவரை, கை கோணிப்போனது வெளியே தெரியாத 270 குழந்தைகளைச் சீட்டுக் குலுக்குவதுபோல இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு முதலில் எக்ஸ்ரே, இன்னொரு பாதிக்குக் கட்டிலருகிலேயே ஸ்கேன். ஸ்கேனில் முறிவு இல்லை அல்லது பக்கிள்தான் என்றால் எக்ஸ்ரே எடுக்காமலேயே வைத்தியம் பார்த்தார்கள். அதைத் தாண்டிய முறிவு தெரிந்தால் மட்டும் எக்ஸ்ரே.

நாலு வாரம் கழித்து அவர்கள் கேட்டது எந்தப் படம் துல்லியம் என்று அல்ல. குழந்தையால் கையை எவ்வளவு பயன்படுத்த முடிகிறது என்று கேட்டார்கள். 40 மதிப்பெண்ணுக்கு ஸ்கேன் குழுவின் சராசரி 36.4, எக்ஸ்ரே குழுவுக்கு 36.3. ஒன்றேதான். முக்கியமான முறிவு எதுவும் தவறிப்போகவும் இல்லை. இன்னொன்றையும் கவனியுங்கள், ப்ரோப்பைப் பிடித்தவர்கள் எல்லோரும் ஸ்கேன் நிபுணர்கள் இல்லை, பயிற்சி பெற்ற செவிலியர்களும் பிசியோதெரபிஸ்டுகளும்கூட அதில் இருந்தார்கள். மனம் போனபடி தடவிப் பார்க்கவில்லை, முன்கையின் இரண்டு எலும்புகளான ஆர எலும்பையும் அல்னாவையும் வரிசையாக ஆறு கோணங்களில் பார்க்க வேண்டும் என்று ஒரு முறை வகுத்துக்கொண்டார்கள்.

இதற்குத் துணையாக இன்னோர் ஆய்வும் உண்டு. பிரிட்டனில் 23 மருத்துவமனைகளில் பக்கிள் முறிவு வந்த 965 குழந்தைகளில் பாதிப் பேருக்குக் கெட்டியான கட்டு, பாதிப் பேருக்கு வெறும் துணி பேண்டேஜ் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். 2022இல் லான்செட்டில் வந்தது. மூன்றாம் நாள் வலியில் வித்தியாசம் இல்லை. இவ்வளவு சாதுவான முறிவுக்கு ராத்திரி பத்து மணிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எக்ஸ்ரே அறை வாசலில் காத்திருக்க வேண்டுமா என்ற கேள்விக்கு இந்த இரண்டு ஆய்வும் சேர்ந்து ஒரு பதில் சொல்கின்றன.

எக்ஸ்ரேயைத் தள்ளிவைத்துவிட்டு ஸ்கேனை மட்டும் நம்ப முடியாத இடங்களும் இருக்கின்றன. முதலாவது மூட்டு. முழங்கைக்குள்ளும் கணுக்காலுக்குள்ளும் எலும்புகள் சந்திக்கும் பரப்பில் விரிசல் விழுந்தால் ப்ரோப் அங்கே எட்டாது. மூட்டுக்குள் ரத்தம் தேங்கி, அங்கிருக்கும் கொழுப்பு மேலே தள்ளப்பட்டிருப்பதை வேண்டுமானால் காட்டும், "இங்கே ஏதோ நடந்திருக்கிறது" என்பது வரைக்கும் சரி, என்ன நடந்தது என்பதற்கு எக்ஸ்ரே வேண்டும். இரண்டாவது, வளரும் பிள்ளைகளின் எலும்பு முனையில் இருக்கும் வளர்ச்சித் தட்டு. அது குருத்தெலும்பு, ஸ்கேனில் வெள்ளைக் கோட்டில் ஓர் இடைவெளியாகத் தெரியும், பழக்கமில்லாத கண் அதை முறிவு என்று எடுத்துக்கொள்ளும், எதிர்ப்பக்கமாக உண்மையான முறிவை வளர்ச்சித் தட்டு என்று விட்டுவிடவும் கூடும். எக்ஸ்ரேயிலும் இந்தக் குழப்பம் உண்டுதான். மூன்றாவது, எலும்பு எவ்வளவு கோணியிருக்கிறது, இழுத்து நேராக்க வேண்டுமா, கம்பி வைக்க வேண்டுமா என்று முடிவெடுக்க முழு எலும்பையும் ஒரே பார்வையில் பார்த்தாக வேண்டும். அதற்கு எக்ஸ்ரேதான்.

ஸ்கேஃபாய்டு இந்தப் பட்டியலில்தான் வருகிறது. சின்னது, வளைந்தது, பெரும்பகுதி மற்ற எலும்புகளுக்கு நடுவே மறைந்திருப்பது. நல்ல கைப்பழக்கம் உள்ளவர் அதன் வெளிப்பக்கத்தில் விரிசலைப் பார்த்துவிடலாம். ஆனால் "ஸ்கேனில் ஒன்றும் இல்லை" என்ற வார்த்தையை நம்பிக் கட்டைப் பிரிக்க முடியாது. அங்கே உடனே உறுதியான பதில் வேண்டும் என்றால் எம்.ஆர்.ஐ.தான், எலும்புக்கு உள்ளே நீர் கோத்திருப்பதையே அது காட்டும். மச்சானிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப அன்னைக்குத் தேவைப்பட்டது வேற மிஷின் இல்ல, ஒரு கட்டும் இன்னொரு தேதியும்தான்" என்றார்.

கதிரைப் பற்றிய பயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஸ்கேனுக்கு ஆதரவாகப் பேசுபவர்கள் முதலில் எடுப்பது இதைத்தான். மணிக்கட்டு எக்ஸ்ரே ஒன்றில் உடம்புக்குக் கிடைக்கும் கதிர் சுமார் 0.001 மில்லிசீவர்ட். நாம் மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் சாப்பாட்டிலிருந்தும் ஒரு வருடத்தில் சும்மாவே வாங்குவது உலகச் சராசரியில் 2.4 மில்லிசீவர்ட். கணக்குப் போட்டால் அந்த எக்ஸ்ரே நாலு மணி நேரச் சாதாரண வாழ்க்கைக்குச் சமம். கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியில் கடற்கரை மணலிலேயே தோரியம் இருப்பதால் அங்கே குடியிருப்பவர்களுக்கு இயற்கையாகவே இதைவிட அதிகம் கிடைக்கிறது. கை, கால் எக்ஸ்ரேக்குக் கதிரைக் காட்டிப் பயமுறுத்துவது சரியில்லை, கர்ப்பிணியின் கைக்கும்கூடத் தேவை என்றால் எடுக்கலாம். ஸ்கேனின் உண்மையான நன்மை வேறு: வலிக்கும் கையைப் படத்துக்காகத் திருப்ப வேண்டியதில்லை, அழும் குழந்தை அம்மா மடியிலேயே இருக்கலாம், பதில் அதே இடத்தில் அதே நிமிடத்தில் கிடைக்கும்.

இவ்வளவு நன்மை இருந்தும் நம் ஊர் அவசரப் பிரிவில் எலும்புக்கு ஸ்கேன் அவ்வளவாகப் பார்க்க முடியாததற்கு ஒரு காரணம் சட்டத்தில் இருக்கிறது. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்க 1994இல் வந்து 2003இல் இறுக்கப்பட்ட சட்டம், நாட்டில் இருக்கும் எல்லா அல்ட்ராசவுண்ட் கருவிகளையும் கட்டுப்படுத்துகிறது. ஸ்கேன் சென்டர் சுவரில் பார்க்கும் அந்த அறிவிப்புப் பலகை இதனால்தான். கருவி பதிவாக வேண்டும், எந்த இடத்தில் வைத்துப் பயன்படுத்துவது என்பது பதிவாக வேண்டும், இயக்குபவருக்குச் சட்டம் சொல்லும் தகுதி வேண்டும். எம்.பி.பி.எஸ். முடித்த டாக்டருக்கே தனிப் பயிற்சி கேட்கும்போது, குயின்ஸ்லாந்தில்போல ஒரு செவிலியரோ பிசியோதெரபிஸ்டோ ப்ரோப்பை எடுத்துக் குழந்தையின் மணிக்கட்டைப் பார்ப்பது இங்கே நடக்காது.

இந்தச் சட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டியிருந்த மாநிலம் இது, பெண் குழந்தைகளை என்ன செய்தோம் என்பது நமக்குத் தெரியும். ஆனால் சில சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் தெளிவாகப் பார்க்க முடியாத உயர் அதிர்வெண் ப்ரோப்பை மட்டும் கொண்ட கருவிகளுக்கு, கண்காணிப்போடு, தனி வழி ஒன்றை யோசிக்க முடியும் என்று நினைக்கிறேன். ஏமாற்ற நினைப்பவர் அதையும் வளைக்கப் பார்ப்பார், அதனால் அவசரப்பட்டுச் செய்யக் கூடாது. எக்ஸ்ரேக்கும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் வேண்டும்தான், ஆனால் அந்தக் கட்டுப்பாடு கதிர் பாதுகாப்புக்கானது. அரசு மருத்துவமனை எக்ஸ்ரே அறை அதற்குப் பழகிவிட்டது.

எக்ஸ்ரே விலகாததற்கு இன்னொரு காரணம் காவல் நிலையம். அடிதடியில் காயம்பட்டு வந்தால் மருத்துவமனையில் ஏ.ஆர். காப்பி, அதாவது காயத்தைப் பதிவு செய்யும் விபத்துப் பதிவேட்டு நகல், போடுவார்கள். பாரதிய நியாய சம்ஹிதாவின் 116ஆம் பிரிவுப்படி எலும்போ பல்லோ முறிந்தாலும் இடம் பெயர்ந்தாலும் அது கொடுங்காயம், பழைய இந்திய தண்டனைச் சட்டத்திலும் இப்படித்தான் இருந்தது. சாதாரணக் காயத்துக்கு ஓராண்டுவரை தண்டனை, கொடுங்காயத்துக்கு ஏழாண்டுவரை. சுண்டுவிரலில் ஒரு மயிரிழை விரிசல் இருக்கிறதா இல்லையா என்பதில் வழக்கே மாறிவிடும். மூக்கெலும்பில் இது அடிக்கடி வரும், அங்கே எக்ஸ்ரே அவ்வளவு நம்பகமும் இல்லை. இருந்தாலும் யார் எடுத்தாலும் ஏறக்குறைய ஒரே மாதிரி வரும், பத்து வருடம் கழித்து வேறொரு டாக்டர் எடுத்துப் படிக்கக்கூடிய படம் எக்ஸ்ரேதான். ஸ்கேன் படத்தை எடுத்தவர்தான் முழுசாகப் புரிந்துகொள்ள முடியும்.

கால் பிரட்டிக்கொண்டவர்களுக்கு இரண்டு கருவிகளையும் தேடுவதற்கு முன்பே செய்ய வேண்டிய ஒரு சோதனை உண்டு. கனடாவின் ஒட்டாவாவில் 1992இல் வகுத்தது. கணுக்காலின் இரண்டு பக்க முட்டி எலும்புகளின் பின் விளிம்பில், கீழிருந்து 6 சென்டிமீட்டருக்குள், விரலால் அழுத்தினால் எலும்பிலேயே வலிக்கிறதா, அடிபட்டவுடனும் டாக்டர் முன்னாலும் நாலு அடி எடுத்து வைக்க முடிகிறதா. எலும்பில் வலி இல்லை, நாலு அடி நடக்க முடிகிறது என்றால் கணுக்காலில் முறிவு இருக்க வாய்ப்பு மிக மிகக் குறைவு, எந்தப் படமும் தேவைப்படாது. பாதத்துக்கும் இதேபோல இரண்டு இடங்கள் அழுத்திப் பார்க்க இருக்கின்றன.

கையாக இருந்தால், எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்று சொல்லப்பட்டு வெளியே வருமுன் டாக்டரிடம் இதைக் கேளுங்கள்: கட்டைவிரல் குழியில் அழுத்திப் பார்த்தீர்களா, ஸ்கேஃபாய்டுக்குத் தனிப் படம் எடுத்தீர்களா, வலி குறையாவிட்டால் எந்தத் தேதியில் மறுபடி வர வேண்டும். அந்தத் தேதிவரை எண்ணெய் போட்டு நீவுவது, சுளுக்கு எடுப்பது, புத்தூர் கட்டுக்குப் போவது எதுவும் வேண்டாம், ஒட்டத் தொடங்கிய விரிசலை நீவல் மறுபடி விலக்கிவிடும். குழந்தையாக இருந்தால், மணிக்கட்டுக்கு மேலே எலும்பைத் தொட்டாலே அழுகிறது, ஆனால் கை கோணவில்லை, ஸ்கேன் தெரிந்த டாக்டர் பக்கத்தில் இருக்கிறார் என்றால், முதலில் ஸ்கேன் பார்க்கலாமா என்று தயங்காமல் கேட்கலாம். முழங்கை வீங்கியிருந்தால் நேராக எக்ஸ்ரேக்குப் போய்விடுங்கள்.

மச்சானுக்கு இடுப்பிலிருந்து கொஞ்சம் எலும்பு எடுத்து வைத்து ஒரு ஸ்க்ரூ போட்டார்கள். கை இப்போது முக்கால்வாசி மடங்குகிறது, குடம் தூக்குகிறார்.